குடித்தவர் ஓட்டும் வண்டியில் ஏறலாமா?

நம் வீட்டு வாசற்படியை மது மிதிப்பதில்லை. ஆனால் நாம் ஏறும் ஆட்டோவின் சாரதி குடித்திருக்கிறாரா என்று பார்க்கிறோமா? கொஸ்லந்த, மீரியபெத்த பக்கத்திலிருந்து பெரகலைக்கு ஏறினாலும் வெல்லவாயவுக்கு இறங்கினாலும் ஒரு புறம் மலை, மறு புறம் பள்ளம். வளைவில் ஒரு நொடி தாமதித்தால் போதும்.

சாரதியின் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் மதுசாரம் இருந்தால் இலங்கையில் குற்றம். 2019இல் வந்த திருத்தப்படி ஆகக்குறைந்த தண்டமே 25,000 ரூபாய். சிறைத் தண்டனையும் உண்டு, அனுமதிப்பத்திரமும் இடைநிறுத்தப்படலாம்.

இது 1967இல் பிரித்தானியா சட்டமாக்கிய அதே அளவு. ஆனால் ஸ்கொட்லாந்து 2014இல் அதை 50ஆகக் குறைத்தது. நோர்வேயிலும் சுவீடனிலும் 20தான். 80ஐ எட்டும் முன்பே கண்ணும் கையும் தளர்ந்துவிடும் என்பதே காரணம்.

“இராத்திரிதானே குடித்தார், காலையில் தெளிந்திருப்பார்” என்று நம்பிவிடாதீர்கள். அந்த அளவு மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதமே குறையும். நள்ளிரவில் 180 இருந்தவருக்குக் காலை 6 மணிக்கும் 90 மிச்சம்! கோப்பியோ, எலுமிச்சைச் சாறோ, தலைக்குக் குளிப்பதோ அதைத் துரிதப்படுத்தாது.

ஆகவே சகோதரிகளே, வாடை வந்தால் ஏறாதீர்கள். ஏறியபின் தெரிந்தால், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுங்கள். பிள்ளைகளை வேனில் ஏற்றும்போது சாரதியிடம் இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று கூச்சப்பட வேண்டாம். பொலிஸ் அவசர இலக்கம் 119. பிள்ளையின் உயிரைவிட முகத்தாட்சண்யம் பெரிதல்ல.