திரையில் திருப்பி அடித்தவர்கள் – 7: முகமும் உதையும் ஒரே ஃபிரேமில்

'யெஸ், மேடம்' படத்தின் கடைசிச் சண்டையில் ஒரு ஷாட் வரும். மாடிக் கைப்பிடிக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் மிஷெல் யோ, கால்களைக் கம்பியில் கோத்துக்கொண்டு அப்படியே பின்பக்கமாகச் சாய்கிறார். தலைகீழாக இறங்கும் அவருடைய தலையும் தோளும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போகின்றன. கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் இரண்டு அடியாட்களைக் கைகளால் பற்றி இழுத்துச் சாய்க்கிறார். சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். கேமரா ஒளித்து வைப்பதில்லை. தொங்குவது யார் என்று தெரிகிறது.

1985 நவம்பரில் ஹாங்காங்கில் வெளியான படம். மிஷெலுக்கு அப்போது 23 வயது. மலேசியாவின் ஈப்போவில் பிறந்து, லண்டனுக்கு பாலே படிக்கப் போய், முதுகுத்தண்டில் ஏற்பட்ட காயத்தால் மேடைக் கனவை விட்டவர். 1983-ல் மிஸ் மலேசியா. கராத்தே, குங்ஃபூ என்று எதையும் முறையாகக் கற்றவர் அல்ல. இந்தப் படத்துக்காக ஸ்டண்ட்காரர்களோடு ஜிம்மில் கிடந்து கற்றுக்கொண்டார். 2023-ல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை அவர் வாங்கியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கண்ணாடிதான்.

சென்ற வாரம் ஏஞ்சலா மாவோவைப் பார்த்தோம். எழுபதுகளில் அவர் திறந்த வழி சில ஆண்டுகளிலேயே அடைபட்டுப்போனது. ஜாக்கி சான், சாமோ ஹங், யூன் பியாவோ என்று ஆண்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் சண்டைப் படத்தை ஒரு பெண்ணை நம்பி எடுக்க முதலாளிகள் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் 'யெஸ், மேடம்' படத்துக்குள்ளேயே கிடக்கிறது. படத்தின் நடுப்பகுதி முழுக்க ஆஸ்பிரின், ஸ்ட்ரெப்சில், பெனடால் என்று மாத்திரைப் பெயர் வைத்த மூன்று சில்லறைத் திருடர்களின் கோமாளித்தனம். மூவரும் ஆண்கள். கதாநாயகிகள் இருவரும் நெடுநேரம் திரைக்கே வருவதில்லை. டிக்சன் பூனும் சாமோ ஹங்கும் சேர்ந்து தொடங்கிய டி அண்ட் பி நிறுவனத்துக்கு இது ஒரு பரீட்சை. பெண்களை மட்டும் நம்பினால் பணம் முழுகிவிடுமோ என்று பயந்திருக்கிறார்கள். படம் ஓடியது. இன்றைக்கும் அதைத் தேடிப் பார்ப்பவர்கள் திருடர்களுக்காகப் பார்ப்பதில்லை. கடைசிச் சண்டைக்காகத்தான் பார்க்கிறார்கள்.

அந்தச் சண்டையில் மிஷெலுக்குத் தோள் கொடுப்பவர் ஓர் அமெரிக்கப் பெண், சிந்தியா ராத்ராக். பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் என்ற சுரங்க நகரத்தில் வளர்ந்து, 13 வயதில் தற்காப்புக் கலைக்குள் வந்தவர். 1981 முதல் 1985 வரை ஃபார்ம்ஸ், ஆயுதப் பிரிவுகளில் தோல்வி காணாத சாம்பியன். ஆயுதப் பிரிவில் பெண்களுக்குத் தனிப் போட்டி கிடையாது என்பதால் ஆண்களோடு போட்டியிட்டுத்தான் அந்தப் பெயரை எடுத்தார். ஹாங்காங் தயாரிப்பாளர்கள் லாஸ் ஏஞ்சலிஸுக்கு ஆள் தேடி வந்தபோது அவர்கள் தேடியது அடுத்த புரூஸ் லீ போன்ற ஓர் ஆணை என்று ராத்ராக் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். செய்துகாட்ட வந்த குழுவில் அவரும் இருந்தார். பார்த்தவர்கள் தேடிவந்ததை மறந்துவிட்டு அவரை அழைத்துப்போனார்கள்.

ஃபார்ம்ஸ் போட்டியில் எதிரே ஆள் கிடையாது, காற்றோடு சண்டை. ஹாங்காங் செட்டில் எதிரே நிற்பவர் மேல் கால் பட வேண்டும். பட்டால்தான் அவர் விழுவது உண்மையாகத் தெரியும். அங்கே பொதுவாக வசனத்தைப் படப்பிடிப்பின்போது பதிவு செய்யவில்லை. யார் எந்த மொழியில் பேசினாலும் பின்னால் டப்பிங்கில் எல்லாம் கான்டனீஸ் ஆகிவிடும். அதனால் மொழி தெரியாத ஒருவர் கதாநாயகி ஆக முடிந்தது. நின்றபடியே காலைத் தன் தலைக்கு மேலாகத் தூக்கி, பின்னால் பிடித்திருப்பவன் முகத்தில் உதைப்பாரே, அந்தத் தேள் உதைக்கு எந்த மொழியும் வேண்டியிருக்கவில்லை.

இந்தப் படங்களுக்கு எங்கிருந்து பணம் வந்தது, எவ்வளவு குறைவாக வந்தது என்பது புரியாவிட்டால் இவற்றின் அழகும் புரியாது. தைவான், சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து விநியோகஸ்தர்கள் போஸ்டரையும் நடிகர் பெயரையும் பார்த்து முன்பணம் கொடுப்பார்கள். அதை வைத்துப் படத்தைத் தொடங்கிவிடுவார்கள். திரையரங்கில் ஓடியது போக, மீதி வருமானம் வீடியோ கடையிலிருந்து. பெரிய செட், விலையுயர்ந்த நட்சத்திரம், வெளிநாட்டுக் கிராஃபிக்ஸ் எதற்கும் வழியில்லை. துறைமுகக் கிடங்கும் கட்டி முடிக்காத கட்டடமும்தான் கிளைமாக்ஸ் நடக்கும் இடங்கள். இப்படிப்பட்ட படத்தில் பார்க்கக் காசு கொடுத்தவருக்குக் காட்ட என்ன இருக்கிறது? அந்தப் பெண்ணின் உடம்பு கற்றிருக்கும் வித்தை இருக்கிறது. ஆகவே கேமரா தலை முதல் பாதம் வரை தெரியும்படி பின்னால் தள்ளி நின்றது.

ஹாலிவுட்டில் ஒரே சண்டையைப் பல கோணங்களில் முழுதாக எடுத்துக்கொண்டு பிறகு எடிட்டிங் மேசையில் கோப்பார்கள். ஹாங்காங்கில் ஃபைட் மாஸ்டர் துண்டு துண்டாகக் கட்டுவார். நான்கு அடி, ஒரு தடுப்பு, ஒரு உதை: இவ்வளவுதான் ஒரு ஷாட். அந்த ஷாட்டுக்கு எந்த இடம் சரியோ அங்கே மட்டும் கேமரா. சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப அதே துண்டு. சண்டை தொடங்கினால் இயக்குநர் நாற்காலியை மாஸ்டருக்கு விட்டுக்கொடுத்து ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதிலாக 22 ஃபிரேமில் எடுத்தால் திரையில் வேகம் கொஞ்சம் கூடும். சட்டையில் பொடி தூவி வைத்தால் உதை விழுந்த இடத்தில் புழுதி எழும்பும். தந்திரம் என்று பார்த்தால் இவ்வளவுதான். நான்கு அடியும் வெட்டில்லாமல் ஒரே ஷாட்டில் வர வேண்டும் என்றால் அடிப்பவருக்கு அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு மாற்று இல்லை.

டூப் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெண் ஸ்டண்ட் கலைஞர்கள் குறைவாக இருந்ததால் விக் மாட்டிய ஆண்கள்கூடப் பெண்களுக்காக விழுந்து புரண்டிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் சில ஷாட்களில் பிடிபடும். ஆனால் அந்த ஷாட்டுக்கு முன்னும் பின்னும் முகத்தோடு சேர்ந்த உதை ஒன்று இருக்கும். அதுதான் பார்ப்பவர் மனத்தில் தங்கும்.

1987-ல் வந்த 'ஏஞ்சல்' இதற்கு நல்ல உதாரணம். எழுத்திலும் தயாரிப்பிலும் இயக்கத்திலும் பங்குகொண்ட தெரசா வூ ஒரு பெண் என்பதை இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. போதைப்பொருள் கும்பலை அழிக்கக் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஒரு குழு, அதில் மூன் லீயும் எலைன் லூயியும். கும்பலின் தலைமையைக் கைப்பற்றும் வில்லி, யுகாரி ஓஷிமா. கதை இவ்வளவுதான், இதற்கு மேல் அதில் தேடவும் வேண்டாம். மூன் லீ நடனம் பயின்றவர். அதுவரை 'மிஸ்டர் வாம்பயர்' போன்ற படங்களில் அழகுப் பெண்ணாக வந்துபோனவர். ஓஷிமா ஜப்பானின் ஃபுகுவோகாவில் கோஜு-ரியூ கராத்தே கற்று, தொலைக்காட்சியில் 'பயோமேன்' தொடரில் வில்லியாக வந்துவிட்டு ஹாங்காங்கில் இறங்கியவர். கடைசியில் இருவரும் மோதும்போது வேறுபாட்டைக் கவனியுங்கள். ஓஷிமாவின் அடி நேர்கோட்டில் வரும்; இடுப்பிலிருந்து கிளம்பி இலக்கில் நின்றுவிடும். மூன் லீ சுழல்வார். ஒரு உதை முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கியிருக்கும். அடி வாங்கும்போதும் அழகாகத் தெரிய வேண்டும் என்ற கவலை இருவருக்கும் இல்லை. தலைமுடி கலைந்து, மூச்சு வாங்கி, ஆத்திரத்தில் முகம் கோணிப் போகிறது. அதுவரை சினிமா பெண்ணின் முகத்துக்கு அனுமதித்திராத ஒன்று இது. காதலனோ அண்ணனோ வந்து முடித்துவைக்கவில்லை. அவர்களே தொடங்கி அவர்களே முடித்தார்கள். இந்த ஜோடியை அடுத்த சில ஆண்டுகளில் படத்துக்குப் படம் மோதவிட்டும் சேரவிட்டும் பார்த்தார்கள். 1992-ன் 'கிக்பாக்ஸர்ஸ் டியர்ஸ்' வரை அது நீண்டது.

முதலாளிகள் இந்தப் பெண்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு ஒரு பெயர் போதும். 1988-ல் டிக்சன் பூனைத் திருமணம் செய்துகொண்டு மிஷெல் நடிப்பிலிருந்து விலகினார். அவர் விட்ட போலீஸ் பாத்திர வரிசைக்குத் தைவானிலிருந்து நடனம் தெரிந்த ஓர் இளம்பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ராத்ராக்கின் முதற்பெயரையும், மிஷெல் அப்போது திரையில் வைத்திருந்த 'கான்' என்ற பெயரையும் ஒட்டி அவருக்கு 'சிந்தியா கான்' என்று பெயர் சூட்டினார்கள். சொந்தப் பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை. 1989-ல் யூன் வூ-பிங் இயக்கிய 'இன் தி லைன் ஆஃப் டியூட்டி 4' படத்தில், டானி யென் பக்கத்தில் நின்றும், அந்தப் பெண் தன் இடத்தைப் பிடித்தார். ஓடும் ஆம்புலன்ஸில் நடக்கும் அந்தச் சண்டையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் கொடுத்த விலையை ஒரு படம் தன்னிடமே பதிந்து வைத்திருக்கிறது. 1989-ல் வந்த 'டெவில் ஹன்டர்ஸ்'. கடைசிக் காட்சியில் வெடிக்கும் கட்டடத்திலிருந்து மூன் லீயும் சிபெல் ஹூவும் வெளியே குதிக்க வேண்டும். குதிப்பும் வெடிப்பும் நேரம் தவறின. நெருப்பு இருவரையும் பிடித்தது. தீக்காயங்களோடு மருத்துவமனைக்குப் போனார்கள். அந்த ஷாட்டையே படத்தில் வைத்து, அங்கேயே நிறுத்தி, விபத்தைப் பற்றிய எழுத்துகளைத் திரையில் ஓடவிட்டுப் படத்தை முடித்துவிட்டார்கள். நான் அதை ரசிகனாகப் பார்க்க முடியாமல் தவித்திருக்கிறேன். அந்த இரண்டு பெண்களின் துணிவை வணங்குகிறேன். ஆனால் இன்னும் கொஞ்சம் பணமும் இன்னொரு நாளும் ஒதுக்கியிருந்தால் அந்த நெருப்பு அவர்களைத் தொட்டிருக்காது. உண்மையான ஆபத்து என்பது இந்தப் படங்களின் பெருமை என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெருமை பயிற்சியில் இருக்கிறது. மூன் லீயின் சுழல் உதையைப் பார்க்க அவர் எரிய வேண்டியதில்லை.

ஸ்டண்ட் பெண்களின் வாழ்க்கையையே கதையாக்கி 1996-ல் இயக்குநர் ஆன் ஹுய் ஒரு படம் எடுத்தார். நாயகி, அதற்குள் நடிப்புக்குத் திரும்பியிருந்த மிஷெல் யோ. மேம்பாலத்திலிருந்து குதிக்கும் காட்சியில் சரியாக விழாமல் அவர் கடுமையாகக் காயப்பட்டார். அடிபடுகிறவர்களைப் பற்றிய படத்திலும் அடிபட்டது ஒரு பெண்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காற்று மாறியது. பழங்கால வாள்சண்டைப் படங்கள் திரும்பி வந்தன. நட்சத்திரங்களை ரோப்பில் கட்டிப் பறக்கவிட்டார்கள். அந்தப் படங்களில் பல அற்புதமானவை, மறுக்கவில்லை. 1992-ன் 'ஸ்வார்ட்ஸ்மேன் 2' படத்தில் பிரிஜிட் லின் வரும் காட்சிகளை இன்றும் வாய்பிளந்து பார்க்கலாம். ஆனால் ரோப்பும் வேக எடிட்டிங்கும் வந்தபிறகு சண்டை தெரிந்த பெண் தேவைப்படவில்லை. புகழ்பெற்ற முகமும் காற்றில் பறக்கும் உடையும் போதும். முழு உயரத்தில் நின்று நான்கு அடியை ஒரே ஷாட்டில் அடிக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை குறைந்தது. ஓஷிமா பிலிப்பைன்ஸுக்குப் போனார். அங்கே சிந்தியா லஸ்டர் என்ற பெயரில், ஹாங்காங்கைவிடக் குறைந்த செலவில் எடுத்த படங்களில் நாயகியானார். அவருக்கும் ஒரு 'சிந்தியா'!

ராத்ராக் ஊருக்குத் திரும்பினார். அவருக்குக் கிடைத்த 'சைனா ஓ'பிரையன்' படத்தை இயக்கியவர், 'என்டர் தி டிராகன்' எடுத்த ராபர்ட் க்ளூஸ். முதல் பாகத்தையும் இரண்டாம் பாகத்தையும் சேர்த்தே எடுத்து முடித்தார்கள். வீடியோ கடை அலமாரியில் அவர் ராணியாக இருந்தார். பெரிய திரைக்கான பெரிய படத்தை அமெரிக்கா அவரை நம்பி எடுக்கவே இல்லை. இந்தோனேசியாவுக்கும் போய் 'லேடி டிராகன்' போன்ற படங்களில் நடித்தார். ஹாங்காங்கில் கற்ற தாளம் இந்த அமெரிக்க வேலைகளில் பாதிதான் தெரிகிறது. உதை அதே உதை. எங்கே வெட்ட வேண்டும் என்று தெரியாத எடிட்டர்கள் அதைத் தவறான இடத்தில் வெட்டினார்கள்.

இன்னொருவர், இங்கிலாந்தின் சோஃபியா க்ராஃபோர்ட். ஹாங்காங் படங்களில் அடியாளாக வந்து முகத்தோடு அடி வாங்கியும் கொடுத்தும் பழகியவர். பின்னர் அமெரிக்காவில் 'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்' தொடரின் முதல் நான்கு சீசன்களில் கதாநாயகி சாரா மிஷெல் கெல்லருக்கு டூப். உலகம் முழுதும் பெண் பிள்ளைகள் பஃபியின் சண்டையைப் பார்த்து வளர்ந்தார்கள். அந்தச் சண்டை சோஃபியாவுடையது. கேமரா அவர் முதுகையும் முடியையும் மட்டும் காட்டியது.

அடுத்த வாரம் தாய்லாந்து. 2008-ல் 'சாக்லேட்' என்ற படம் ரோப்பையும் டூப்பையும் தள்ளிவைத்துவிட்டு, ஜீஜா யானின் என்ற டேக்வாண்டோ பெண்ணைக் கேமராவுக்கு முன்னால் முழு உயரத்தில் நிறுத்தியது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது படப்பிடிப்பில் பட்ட காயங்களையும் காட்டினார்கள். அவற்றைக் காட்டியது சரியா என்ற கேள்வியோடு தொடங்குவோம்.

(தொடரும்)