செம்பருத்தி இதழின் வழவழப்பு: நோய் எதிர்ப்புச் சக்தி என்று சொல்லி விற்கலாமா?

செம்பருத்தி இதழைக் காயவைத்து விற்கும் விவசாயிகளிடம், 'இதில் நோய் எதிர்ப்புச் சக்தி தரும் பாலிசாக்கரைடு இருக்கிறதா?' என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது?

இருக்கிறது. நான்கைந்து இதழ்களைக் கொஞ்சம் தண்ணீரில் கசக்கிப் பாருங்கள். விரலில் வழவழவென்று ஒட்டுவது அதுதான். பல சர்க்கரைகள் சங்கிலியாகக் கோர்த்த கூட்டுச் சர்க்கரை இது, ஆனால் இனிக்காது. அரிசி மாவில் உள்ள ஸ்டார்ச்சும் கூட்டுச் சர்க்கரைதான். அதில் குளுக்கோஸ் ஒன்றே திரும்பத் திரும்ப வரும். செம்பருத்தி இலையின் வழவழப்பைப் பிரித்துப் பார்த்ததில் ராம்னோஸ், காலக்டோஸ், இரண்டு வகைச் சர்க்கரை அமிலங்கள் எனப் பலவும் கலந்திருந்தன. தண்ணீரை இழுத்துப் பிடித்து வைப்பதால்தான் அது வழுக்குகிறது.

நம் உடலின் விழுங்கு செல்கள், பல கிருமிகளை அவற்றின் மேலுள்ள சர்க்கரை அமைப்பை வைத்தே அடையாளம் காண்கின்றன. செடியின் கூட்டுச் சர்க்கரைகள் சிலவும் அந்தச் செல்களைத் தூண்டும். காலெண்டுலா பூவிலிருந்து பிரித்தெடுத்தவை, ஆய்வகத்தில் வெள்ளணுக்களின் விழுங்கும் வேலையை அதிகப்படுத்தின. (காலெண்டுலா வேறு, நம் செண்டுமல்லி வேறு.) ஆனால் ஆய்வகத் தட்டில் நடப்பது வயிற்றுக்குள் அப்படியே நடக்காது. டீயில் குடிக்கும் வழவழப்பு பெரும்பாலும் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. டீ குடித்தால் காய்ச்சல் வராது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சரியாகக் காயாத பூவில் வளரும் பாக்டீரியாவின் மேலுறைப் பொருளும் அதே விழுங்கு செல்களைத் தூண்டும். அழுக்குப் பூகூட ஆய்வில் 'நல்ல பலன்' காட்டிவிடலாம்! ஆகவே சுத்தமாக உலர்த்துவதில்தான் உங்கள் சரக்கின் மதிப்பு இருக்கிறது.

காலையில் பனி ஈரம் போனபின் பறியுங்கள். காம்பையும் பச்சைப் புல்லியையும் நீக்கி, இதழை மட்டும் வெள்ளைத் துணியில் மெல்லியதாகப் பரப்பி, காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். கடும் வெயிலில் சிவப்பு வெளுத்துவிடும். இதழைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவ வேண்டாம். வழவழப்பு தண்ணீரோடு போய்விடும், ஈரத்தால் பூஞ்சணமும் பிடிக்கும். தூசி படாத பூவாகப் பறிப்பதே நல்லது. பறிக்கிற செடிக்குப் பூச்சிமருந்தும் அடிக்காதீர்கள். கையில் எடுத்தால் நொறுங்கும் பதம் வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடலாம்.

பாக்கெட்டில் 'உலர் செம்பருத்தி இதழ்' என்றும், உலர்த்திய தேதியும் போடுங்கள். நோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று உணவுப் பொருளில் அச்சிடுவது உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறு. வியாபாரி அச்சிடச் சொன்னாலும், பாக்கெட்டில் உங்கள் பெயர் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.