கடனுக்குப் பிறகு – 9: செட்டில்மென்ட் முடிந்தது, அடுத்த கடன் எப்போது?

வங்கியிடம் பேசிக் கடனைக் குறைத்து முடிப்பது பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். முடித்தவர்களிடமிருந்து அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான்: இனி எனக்கு யாராவது கடன் கொடுப்பார்களா? கொடுப்பார்கள். ஆனால் அதற்குமுன் செய்யவேண்டிய வேலைகளை வங்கி உங்களைக் கூப்பிட்டுச் சொல்லாது.

திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் ஒருவர், கொரோனா காலத்தில் ஆர்டர் நின்றுபோனதால் கிரெடிட் கார்டில் ஏறிப்போன 1,20,000 ரூபாயை 70,000 ரூபாய் கட்டி முடித்தார். பிறகு ஓவர்லாக் மெஷினுக்குக் கடன் கேட்டு வேறொரு வங்கிக்குப் போனார். மேனேஜர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி அவருடைய கடன் அறிக்கையைக் காட்டினார்: "பாக்கி ஒண்ணும் இல்லைங்க. ஆனா 'க்ளோஸ்டு'ன்னு வரலை, 'செட்டில்டு'ன்னு வந்திருக்கு பாருங்க."

வங்கி 50,000 ரூபாயை விட்டுக்கொடுத்தது என்பதற்கான பதிவு அது. அடுத்து கடன் கொடுப்பவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். 300 முதல் 900 வரை போகும் சிபில் ஸ்கோரைவிட, பல சமயம் இந்த ஒரு வரிதான் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுகிறது. அறிக்கையில் அதற்குக் கீழே மாதவாரியான கட்டங்களும் இருக்கும். 000 என்றால் தவணை தவறவில்லை. 060, 090 என்றால் அத்தனை நாள் தாமதம்.

வழி இருக்கிறது. கையில் பணம் சேரும்போது அதே வங்கிக்குப் போய், விட்டுக்கொடுத்த தொகையைக் கட்டிவிடுவதாக எழுதிக்கொடுங்கள். ஒப்புக்கொண்டால் கட்டுங்கள், நிலுவை இல்லை என்ற சான்றிதழையும், 'க்ளோஸ்டு' என்று மாற்றித் தருவதாக எழுத்தில் உறுதியையும் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி ஒரு ரூபாய்கூடக் கட்டவேண்டாம். பழைய தாமதங்கள் இதனால் அழியாது. ஆனால் முழுப் பணத்தையும் கட்டியவர் என்ற நிலை உங்களுக்கு வந்துவிடும்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். நான்கையும் எடுத்துப் பாருங்கள். தவறு இருந்தால் புகார் செய்யுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி இது. கேட்டு வாங்குபவர்கள் மிகக் குறைவு என்பதுதான் என் வருத்தம்.

காத்திருப்பும் உண்டு. சமரசமாக முடித்தவருக்கு, விவசாயம் அல்லாத கடன் என்றால், குறைந்தது 12 மாதம் கழித்தே புதிய கடன் என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வரையறுத்தது. வங்கிகள் இதைவிட அதிகமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஓராண்டைச் சும்மா விடாதீர்கள். பிக்சட் டெபாசிட் போட்டு, அதன் பேரில் கிரெடிட் கார்டு வாங்கலாம். டெபாசிட்டே ஈடு என்பதால் பழைய பதிவு பெரும்பாலும் குறுக்கே நிற்பதில்லை. மளிகைக்கும் பெட்ரோலுக்கும் மட்டும் தேய்த்து, கெடு தேதிக்குள் முழுத்தொகையையும் கட்டுங்கள். 'மினிமம் டியூ' பக்கமே போகாதீர்கள். சிறிய நகைக்கடனை ஒழுங்காக அடைத்தாலும் அது பதிவாகும்.

'ஒரே வாரத்தில் சிபிலைச் சரிசெய்கிறோம்' என்று போன் செய்கிறவர்களுக்குப் பணமும் கொடுக்காதீர்கள், ஓடிபியும் கொடுக்காதீர்கள். உண்மையான பதிவைப் பணம் வாங்கிக்கொண்டு அழிக்க யாராலும் முடியாது.

விண்ணப்பிக்கும்போது ஒரே வாரத்தில் ஐந்தாறு இடங்களில் மனுப்போடவேண்டாம். ஒவ்வொரு விசாரணையும் அறிக்கையில் ஏறும். உங்கள் வரவுசெலவு நடக்கும் வங்கிக்கே முதலில் போங்கள். சான்றிதழை முன்னால் வைத்து, அன்று ஏன் தவறியது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.