மனநல மருந்து உட்கொள்ளும்போது உடல் இறுகுவது ஏன்?

"மாத்திரை தொடங்கியபின் நடையே மாறிவிட்டது; நிறுத்திவிடலாமா?" மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கான விடையை ஆய்வகத்து எலியிடமிருந்து தொடங்குகிறோம்.

மூளையின் நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களுள் ஒன்று டோபமின். ஆம்ஃபெட்டமின் என்னும் ஊக்கமருந்து இதன் செயலை மிகுவிக்கிறது. சிறிதளவு செலுத்தப்பட்ட எலி ஓயாமல் ஓடும். அளவு கூடினால், ஓரிடத்திலேயே நின்று முகர்தல், நக்குதல், கடித்தல் ஆகியவற்றைத் திரும்பத் திரும்பச் செய்யும். இதே ஊக்கமருந்தை மிகுதியாகப் பயன்படுத்திய மனிதர்களிடம், மனச்சிதைவை ஒத்த வீண் சந்தேகமும் மனப்பிரமையும் தோன்றின. எனவே, எலியின் இந்த ஓட்டத்தை அடக்கும் மருந்து நோயாளிக்கும் பயன்படலாம் என ஆய்வாளர்கள் கருதினர். 1958-இல் பெல்ஜியத்தில் பால் யான்சன் குழுவினர் உருவாக்கிய ஹாலோபெரிடால் அத்தகைய மருந்தாகும். அது டோபமின் ஏற்பிகளை அடைத்துச் செயல்படுகிறது.

ஆனால், உடல் அசைவுக்கும் டோபமின் தேவை. ஹாலோபெரிடாலின் அளவு மிகும்போது, எலியின் முன்கால்களைக் கம்பியின்மேல் தூக்கி வைத்தால் அவற்றை இறக்காமல் அப்படியே நிற்கும். நோயாளியிடம் காணும் இறுக்கம், கைநடுக்கம், மெதுவான நடை ஆகியவற்றுக்கும் காரணம் இதுவே. இது சோம்பலும் அன்று. புதிய நோயும் அன்று. க்ளோசபின் போன்ற பிற்கால மருந்துகள் ஊக்கமருந்தின் விளைவைக் குறைத்தாலும், எலியை அவ்வாறு உறையச் செய்வது அரிது. ஆகவே மருத்துவர் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், இறுக்கம் தளர வேறு மாத்திரை சேர்க்கலாம்.

மருந்தைத் தாமாக நிறுத்தினால் இறுக்கம் நீங்கக்கூடும். ஆனால் நோய் மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு மிகுதி. எனவே நிறுத்தும் முன் எங்களிடம் கூறுங்கள். கழுத்து ஒருபக்கம் திருகிக்கொண்டாலோ, கண்கள் மேல்நோக்கிச் செருகினாலோ உடனே அழைத்து வாருங்கள். கடுங்காய்ச்சலும் உடல் விறைப்பும் சேர்ந்து வந்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

2010 முதல் சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம், புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர்களுக்குப் பேருந்து வழியே தொலைமனநல மருத்துவத்தைக் கொண்டு சென்றது. ஊர் தேடி வந்தாலும், மருந்து தொடர்ந்து உட்கொள்ளப்பட்டால்தான் பயன் தரும். ஐயம் எழுந்தால் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணிலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.