வீட்டுக்கு ஓர் இசைப்பெட்டி: நன்மை எது, தீமை எது?

ஆண்டாப் ஹில்லில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிடையே அண்மைக் காலமாக ஒரு கேள்வி எழுந்துள்ளது. ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் முதியோருக்கு, ஆயிரக்கணக்கான பாடல்களைத் தன்னுள் அடக்கிய கையடக்க இசைப்பெட்டி ஒன்றை வாங்கித் தரலாமா? அன்றி, வீட்டிலிருக்கும் கைப்பேசியே போதுமா? பார்வைக்கு இது சிறு கேள்விதான். ஆயினும், மாதச் சம்பளத்தில் காலம் தள்ளும் குடும்பத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் என்பது எண்ணிச் செலவிட வேண்டிய தொகையாகும். அதனினும் பெரிது, பகற்பொழுதில் நம் வீட்டில் தமிழ் ஒலிக்குமா ஒலியாதா என்பது. ஆகவே, இப்பெட்டியின் நன்மை தீமைகளைச் சீர்தூக்கிப் பார்ப்பது பயனுடைத்து எனக் கருதுகிறோம்.

நம் பகுதியின் வாழ்க்கை முறையை நாம் அனைவரும் அறிவோம். மத்திய அரசு ஊழியர் குடியிருப்பாயினும், சங்கம் நகராயினும், கோக்ரி அகாரின் நெருங்கிய சந்துகளாயினும், காலை 9 மணிக்குள் பெரும்பாலான வீடுகள் வெறிச்சோடி விடுகின்றன. வேலைக்குச் செல்வோர் குரு தேக் பகதூர் நகர் நிலையத்தையோ வடாலா நிலையத்தையோ நோக்கி விரைகின்றனர். பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றுவிடுகின்றனர். எஞ்சியிருப்போர் முதியோரே. அவர்களுள் பலருக்கு இந்தியும் மராத்தியும் வாரா. ஊரில் திண்ணையில் அமர்ந்தால் பேச நால்வர் வருவர். இங்கோ நாலாம் மாடியில் கதவு அடைத்தே கிடக்கிறது. தொலைக்காட்சி உண்டே எனலாம். அது கண்ணையும் கேட்கிறது. ஓரிடத்தில் உட்காரவும் சொல்கிறது. கீரை ஆய்ந்துகொண்டும், துணி மடித்துக்கொண்டும் துணையாகக் கொள்ளத்தக்கது பாட்டு ஒன்றே.

பாட்டு பெட்டிக்குள் புகுந்த கதை

பாட்டை வீட்டுக்குள் கொணரும் முயற்சி இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1902-ஆம் ஆண்டு கல்கத்தாவில் கௌஹர் ஜான் அம்மையார் பாடி ஒலிப்பதிவு செய்யப்பட்டது முதல் நம் நாட்டில் இசைத்தட்டு யுகம் பிறந்தது. அந்நாளைய தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். 1954-இல் அமெரிக்காவில் டிரான்ஸிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. வானொலி மேசையை விட்டு இறங்கிக் கைக்கு வந்தது. 1957 அக்டோபர் 3-ஆம் நாள் அகில இந்திய வானொலி விவித பாரதியைத் தொடங்கியது. 1979-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் வாக்மேனை வெளியிட்டது. 1998-இல் தென்கொரிய நிறுவனமொன்று எம்.பி.3 பெட்டியை விற்கத் தொடங்கியது. 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட், ஆயிரம் பாடல்களைச் சட்டைப் பைக்குள் அடக்குவதாகச் சொல்லிக்கொண்டு வந்தது.

இத்தனை பாட்டு இத்தனை சிறு இடத்தில் அடங்கும் சூட்சுமத்தை ஜெர்மானிய அறிஞர்கள் கண்டனர். உரத்த ஓர் ஒலி எழும்போது, அதனை ஒட்டி எழும் மெல்லிய ஒலியை நம் செவி உணர்வதில்லை. செவி உணராததை நீக்கிவிட்டு எஞ்சியதை மட்டும் எண்களாகச் சேமிப்பதே எம்.பி.3 முறை. குறுந்தகட்டில் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் வேண்டும். இம்முறையில் சுமார் 1 மெகாபைட் போதும். இசையின் நுட்பத்தில் சிறிது குறையும். ஆனால் சமையலறையில் கேட்போர்க்கு அக்குறை பெரிதாகத் தோன்றாது.

இவ்வரிசையில் நம் இல்லங்களுக்கு மிக நெருங்கி வந்தது சரிகம நிறுவனத்தின் 'கார்வான்' பெட்டி. பழைய ஹெச்.எம்.வி. இசைத்தட்டுகளை வெளியிட்ட கிராமபோன் கம்பெனியே 2000-ஆம் ஆண்டில் சரிகம என்று பெயர் பெற்றது. அந்நிறுவனம் 2017-இல் 5,000 இந்திப் பாடல்களுடன் இப்பெட்டியை வெளியிட்டது. அப்போது அதன் விலை 5,990 ரூபாய். பின்னர், 5,000 தமிழ்ப் பாடல்களுடன் தமிழ்ப் பெட்டியும் வந்தது. தோற்றத்தில் அது பழைய வானொலிப் பெட்டியையே ஒத்தது. ஒரு பாட்டுக்கு மூன்றரை நிமிடம் என்று கொண்டால், நாள்தோறும் மூன்று மணி நேரம் கேட்டாலும் 5,000 பாடல்களும் முடிய மூன்று மாதங்களுக்கு மேலாகும். பழைய தட்டுகளாக இருந்தால் இவற்றுக்கு 2,500 தட்டுகள் வேண்டும். ஓர் அறை வீட்டில் அவற்றை வைக்க இடமேது?

நன்மைகள்

முதல் நன்மை எளிமை. திருகு ஒன்றைத் திருப்பினால் பாட்டு வருகிறது. கைப்பேசியில் பாட்டுக் கேட்பதற்கு எழுத்துகளைத் தட்ட வேண்டும். இடையே விளம்பரம் வரும். யாரென்றறியாதவர் அழைப்பும் வரும். முதியோரை அச்சுறுத்திப் பணம் பறிக்கும் மோசடிகள் கைப்பேசி வழியாகவே நடைபெறும் இக்காலத்தில், அவர்கள் கையில் அழைப்பு வாராத ஒரு கருவி இருப்பது தனி நிம்மதியன்றோ!

இரண்டாவது, இணையத் தொடர்பு இல்லாமலே இது பாடும். மாதக் கட்டணம் இல்லை. நெருங்கிய கட்டடங்களுக்கு நடுவே அலைவரிசை கிட்டாத வீட்டிலும் பாட்டு நிற்பதில்லை.

மூன்றாவதே நாம் தலையாயதாகக் கருதுவது. நம் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் படிக்கின்றனர். முற்றத்தில் இந்தியும் மராத்தியும் பேசி விளையாடுகின்றனர். மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்திவரினும் எல்லாரும் அவற்றை நாடுவதில்லை. இப்பிள்ளைகளின் செவியில் தமிழ் விழும் நேரம் மிகக் குறைவு. பாட்டில் வரும் சொல்லுக்குப் பொருள் கேட்கும் பிள்ளைக்குப் பாட்டியார் விடை சொல்லும்போது, எந்தப் பாடநூலும் தராத பயிற்சி அங்கே நடைபெறுகிறது. லகர ளகர ழகர வேறுபாடு தேர்ந்த பாடகரின் குரல் வழியே செவியில் பதிகிறது.

தீமைகள்

இனி மறுபக்கத்தைக் காண்போம். பெட்டியில் உள்ள பாடல்கள் ஒரு நிறுவனத்தின் களஞ்சியத்திலிருந்து தேர்ந்தவை. அந்நிறுவனத்துக்கு உரிமையில்லாத பாடல்கள் அவற்றுள் இரா. தாம் விரும்பும் படத்தின் பாட்டு இல்லையே என்று வாங்கிய பின் வருந்துவதிற் பயனில்லை. சந்தையில் பாடல்களை நிரப்பி மலிவாக விற்கும் மெமரி கார்டுகளை நாடுவதும் முறையன்று. 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் கவிஞர்க்கும் இசையமைப்பாளர்க்கும் உரிமைத் தொகையில் பங்கு உண்டு என்று உறுதி செய்தது. திருட்டுப் பதிவில் அவர்களுக்கு ஒரு காசும் சேர்வதில்லை.

இரண்டாவது தீமை செவிக்கு. பெட்டியோடு இயர்போனைப் பொருத்திக் கேட்பதில்தான் ஆபத்து மிகுதி. 80 டெசிபெல் அளவு ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், அது 90 டெசிபெல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரமே தகும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சிறுவர்க்கு 75 டெசிபெல்லே வரம்பு. புறநகர் ரயிலின் இரைச்சலை மிஞ்ச வேண்டி ஒலியைக் கூட்டிக்கொண்டே செல்லும் இளைஞர், நாள்தோறும் இவ்வரம்பைத் தாண்டக்கூடும். செவியின் உட்புறத்து நுண்மயிர் அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதியோர் ஒருவர் பெட்டியின் ஒலியை நாளுக்கு நாள் கூட்டுகிறார் என்றால், அதைக் குறும்பாகக் கொள்ளாமல் மருத்துவரிடம் செவியைக் காட்டுவதே அறிவுடைமை.

மூன்றாவது தீமை உயிருக்கே உலை வைப்பது. செவிகளை அடைத்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடப்போர் துறைமுகப் பாதையிலும் உண்டு. மின்சார ரயில் ஓசை குறைவாகவே வரும். பாட்டுக் கேட்பவருக்கோ அச்சிறு ஓசையும் கேட்பதில்லை. தண்டவாளத்தைக் கடப்பதே சட்டப்படி குற்றம். செவியை அடைத்துக்கொண்டு கடப்பது தற்கொலைக்கு நிகர்.

நான்காவது, அண்டை வீட்டார்க்கு வரும் இடர். நமக்கு இன்பமாயிருக்கும் பாட்டு, இரவு வேலை முடித்துப் பகலில் உறங்கும் அடுத்த வீட்டாருக்குத் தொல்லையாகலாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபெல், இரவுக்கு 45 டெசிபெல் என வரம்பு விதித்துள்ளன. 2023 ஏப்ரலில் பெஸ்ட் நிறுவனமும், பேருந்தில் கைப்பேசியின் ஒலியைப் பிறர் கேட்க உரக்க வைத்தலைத் தடை செய்தது. பொது இடத்தில் இயர்போன், வீட்டில் தாழ்ந்த ஒலி என்பதே பண்பு.

ஐந்தாவது, கருவிக்கும் ஆயுள் உண்டு. மின்கலம் ஆண்டுகள் செல்லச் செல்ல வலுவிழக்கும். பல கோடிப் பேர் வாங்கிய ஐபாடையே ஆப்பிள் நிறுவனம் 2022 மே மாதத்தில் நிறுத்திவிட்டது. எனவே மின்கலத்தை மாற்றித் தருவார்களா, பழுது நீக்கும் இடம் மும்பையில் உண்டா என்பவற்றை வாங்குமுன் கேட்டறிவது நலம். பழுதான பெட்டியைக் குப்பையில் எறியாமல் மின்கழிவு சேர்ப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.

தனிமைக்குத் துணையா, தனிமைக்கு வழியா?

மேற்கூறிய தீமைகள் யாவும் கவனத்தால் தவிர்க்கத்தக்கவை. தவிர்த்தற்கு அரிய தீமை ஒன்றுண்டு. அது ஒரே வீட்டில் நால்வர் நான்கு தனித்தனி உலகங்களில் வாழ்வது. தனித்துக் கேட்பது உடனிருப்போர்க்கு மரியாதைக் குறைவாகும் என்று சோனி நிறுவனத் தலைவர் அக்கியோ மொரிட்டா கருதினார். ஆதலால் முதல் வாக்மேனில் இருவர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகளும், கேட்டுக்கொண்டே ஒருவரோடொருவர் பேசுவதற்கு ஒரு பொத்தானும் வைக்கப்பட்டன. மக்கள் அவற்றை வேண்டவில்லை. தனித்துக் கேட்கவே விரும்பினர். பின்வந்த வாக்மேன்களில் அப்பொத்தான் மறைந்தது.

இந்நிகழ்ச்சி நமக்கு ஒரு பாடம். ஐயாயிரம் பாட்டுள்ள பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டோம், இனிப் பெற்றோருக்கு வேறென்ன குறை என்று மகனும் மருமகளும் எண்ணிவிட்டால், அப்பெட்டி துணையாகாது. அவர்களோடு பேசாமலிருப்பதற்கு நாம் கொடுத்த விலையாகும். மாலையில் வீடு திரும்பியவர் கால்மணி நேரம் உடனமர்ந்து, இந்தப் பாட்டை எந்தக் கொட்டகையில் முதலிற் கேட்டீர்கள் அம்மா என்று கேட்டால், பெட்டி தந்ததைவிடப் பன்மடங்கு இன்பம் அங்கே பிறக்கும்.

ஆகவே நாம் கூறும் முடிவு இது. இசைப்பெட்டி தேவையா என்னும் கேள்விக்கு எல்லா வீட்டிற்கும் ஒரே விடை இல்லை. கைப்பேசியை எளிதாகக் கையாளும் முதியோர் உள்ள வீட்டில் இது தேவையற்ற செலவு. கண்பார்வை மங்கியவரோ, கைப்பேசிக்கு அஞ்சுபவரோ, பகலெல்லாம் தனித்திருப்பவரோ உள்ள வீட்டில் இது தகுந்த செலவு. வாங்குவோர் அதனை அலமாரியில் பூட்டாமலும், ஒருவர் செவிக்குள் ஒடுக்காமலும், வீட்டின் நடுவே அனைவரும் கேட்க வைப்பாராக. பாடல் பட்டியலை வாங்குமுன் முதியோரிடமே காட்டி, அவர் விரும்புபவை உண்டா என்று கேட்டறிவாராக.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்த நிறுவனத்தின் களஞ்சியத்திலும் இல்லாத பாடல்கள் நம் வீடுகளிலேயே உள்ளன. நெல்லைச் சீமையிலும் சேலத்திலும் வட ஆர்க்காட்டிலும் நாற்று நட்டபோது பாடியவை, தொட்டில் ஆட்டியபோது பாடியவை, கும்மியடித்தபோது பாடியவை நம் தாய்மாரின் நினைவில் மட்டும் வாழ்கின்றன. எழுதப்படாத அவை, பாடுவோரோடு மறைந்துவிடும். அவர்கள் இசைவு பெற்று, அவர்கள் பாடுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். இன்ன ஊர், இன்னார் பாடியது, இன்ன வேலையின்போது பாடியது என்று குறித்து வையுங்கள். அதனைப் பென்டிரைவில் ஏற்றினால் இப்பெட்டிகளே அதனையும் பாடும். திரைப்பாட்டைக் கேட்டு மகிழும் பேரப்பிள்ளை, அடுத்த பாட்டாகத் தன் பாட்டியின் குரலைக் கேட்கட்டும். அந்த ஒரு பாட்டைப் பெட்டியோடு சேர்த்து எந்தக் கடைக்காரரும் விற்க இயலாது. அதனைச் சேர்க்க வேண்டியவர் நாமே.