கொலைகாரனுக்காகப் பயப்படுகிற வாசகன்

ரோம் நகரத்து வீடொன்றின் மாடிப்படி. சற்றுமுன் கனத்த கண்ணாடிச் சாம்பல்கிண்ணத்தால் தான் அடித்துக் கொன்றவனின் உடலை, குடித்து மயங்கிய நண்பனைக் கூட்டிப்போவதுபோலத் தாங்கி இழுத்துக்கொண்டு இறங்குகிறான் டாம் ரிப்ளி. வாசித்துக்கொண்டிருந்த என் மனசில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: ஐயோ, யாரும் எதிரே வந்துறக் கூடாதே! செத்தவன் பெயர் ஃபிரெடி மைல்ஸ். அவனைப்பற்றி ஒரு கணம்கூட நான் நினைக்கவில்லை. லாக்கப் சாவுகளுக்கு எதிராகக் கையெழுத்து வாங்கித் திரிகிற, செத்தவன் பக்கமே நிற்பதாக நம்புகிற ஒரு ஆளுக்கு இது எப்படி நேர்ந்தது?

பட்ரீஷியா ஹைஸ்மித்தின் (1921-1995) 'தி டேலண்டட் மிஸ்டர் ரிப்ளி' 1955இல் வெளிவந்தது. கப்பல்கட்டும் தொழிலதிபர் ஒருவர் இத்தாலியில் சுற்றிக்கொண்டிருக்கும் தன் மகன் டிக்கியைத் திருப்பிக் கூட்டிவரும்படி நியூயார்க்கில் ஒண்டுக்குடித்தனம் நடத்தும் டாமைச் செலவு கொடுத்து அனுப்புகிறார். டாம் டிக்கியைக் கொல்கிறான். அவன் உடுப்பு, மோதிரம், கையெழுத்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு டிக்கியாகவே வாழத் தொடங்குகிறான்.

துப்பறியும் நாவலின் கேள்வி 'யார் செய்தது' என்பது. அங்கே வாசகன் துப்பறிகிறவனின் நாற்காலியில், அதாவது சட்டத்தின் நாற்காலியில் உட்காருகிறான். இந்தப் பிரதியில் அந்தக் கேள்வியே கிடையாது. செய்தவன் நம் கண்முன்னாலேயே செய்கிறான். மிஞ்சுவது 'மாட்டிக்குவானா' என்பது மட்டும். கேள்வி மாறியதுமே நாற்காலியும் மாறிவிடுகிறது.

கதை படர்க்கையில்தான் சொல்லப்படுகிறது. ஆனால் கதைசொல்லி டாமின் மண்டையைவிட்டு வெளியே வருவதேயில்லை. டிக்கி என்ன நினைத்தான், ஃபிரெடி எதற்குப் பயந்தான் என்பதெல்லாம் டாம் ஊகிக்கிற அளவுக்கே நமக்கும் தெரியும். சான் ரெமோ கடலில் படகுத் துடுப்பால் டிக்கியை அடித்துக் கொன்று உடலைத் தண்ணீரில் தள்ளியதும் என்ன நடக்கிறது? மோட்டார் படகு தாறுமாறாகச் சுற்ற, டாமே கடலுக்குள் விழுந்துவிடுகிறான். தண்ணீர் என்றாலே அவனுக்குப் பயம். அவன் பெற்றோர் நீரில் மூழ்கிச் செத்தவர்கள். கொலை நடந்த கையோடு நாம் கொலைகாரன் பிழைக்க வேண்டுமென்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். துக்கப்பட நமக்கு அவகாசமே தரப்படவில்லை. ஹைஸ்மித்தின் தந்திரம் இதுதான்: அறத்தை மறுப்பதில்லை, அதற்கு நேரம் கொடுப்பதில்லை.

அதற்கப்புறம் நான் எனக்கே ஒரு அரசியல் சமாதானம் சொல்லிக்கொண்டேன். டிக்கி வெட்டியாகப் பொழுதுபோக்கும் பணக்கார வீட்டுப் பிள்ளை. டாம் அத்தையிடம் ஏச்சு வாங்கி, 'பொட்டை' என்று கேலி செய்யப்பட்டு வளர்ந்தவன். ஆகவே இது ஒடுக்கப்பட்டவனின் பழிவாங்கல்! வசதியான வாசிப்புதான். ஆனால் பிரதி இதற்கு இடம் தரவில்லை. டாமுக்கு அந்த நாற்காலியை உடைக்கும் எண்ணமெல்லாம் இல்லை; அதில் தான் உட்கார வேண்டும், அவ்வளவுதான். மேட்டுக்குடித்தன்மை என்பது பிறப்பில் வருவதல்ல, உடுப்பும் உச்சரிப்பும் காசோலைக் கையெழுத்தும் சேர்ந்த ஒரு நடிப்பே என்று நாவல் அம்பலப்படுத்துவது உண்மை. அந்த அம்பலப்படுத்தலுக்கான விலையை இரண்டு பிணங்கள் கொடுத்திருக்கின்றன என்பதும் உண்மை. முதல் உண்மையைச் சொல்லி இரண்டாவதை மறைத்துக்கொண்டது நாவலல்ல, நான்.

வெனிஸில் இன்னொரு காட்சி வருகிறது. டிக்கியின் தோழி மார்ஜ், டாமின் பெட்டியில் டிக்கியின் மோதிரங்களைக் கண்டெடுத்துவிடுகிறாள். டாம் கையில் ஷூ. அதாலேயே அடித்துக் கொன்றுவிடத் தயாராகிறான். இங்கே வாசக மனம் அவள் சாக வேண்டுமென்று விரும்புவதில்லை. அவள் நம்பித் தொலைக்கட்டும் என்றுதான் விரும்புகிறது. மோதிரத்தையே கழற்றிக் கொடுத்தவன் தற்கொலைதான் செய்துகொண்டிருப்பான் என்று அவளாகவே முடிவுசெய்கிறாள். உயிர் தப்புகிறாள். 'அப்பாடா' என்கிறோம். பொய் ஜெயித்ததற்கான அப்பாடா அது.

தஸ்தயெவ்ஸ்கியின் ரஸ்கோல்னிகோவ் (1866) தானே போய் ஒப்புக்கொண்டு எட்டாண்டு சைபீரியத் தண்டனை பெறுகிறான். அவன் குற்றத்தில் பங்கேற்ற வாசகனுக்கும் அந்தத் தண்டனை வழியாக ஒரு பாவமன்னிப்பு கிடைத்துவிடுகிறது. ஹைஸ்மித் அதைத் தர மறுக்கிறார். போலி உயில் செல்லுபடியாகி, டிக்கியின் பணத்தோடு டாம் கிரீஸில் இறங்குகிறான். துறைமுகம்தோறும் தனக்காகப் போலீஸ் காத்திருக்குமோ என்ற பயம் மட்டும் கூடவே வருகிறது. 1960இல் ரெனே கிளெமான் இதைப் படமாக்கியபோது கடைசியில் பிணத்தை வெளியே கொண்டுவந்து போலீசையும் அனுப்பிவைத்தார். பார்வையாளன் சுத்தமாக வீட்டுக்குப் போகலாம். ஹைஸ்மித்துக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை.

ஆக, யாருடைய மனசுக்குள் நாம் உட்காரவைக்கப்படுகிறோமோ அவருக்காகவே பயப்படுகிறோம். இது நாவலோடு முடிகிற விஷயமல்ல. 'என்கவுண்டர்' செய்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். போலீஸ்காரருக்கு வந்த ஆபத்து, அவர் கையில் பட்ட வெட்டு, வேறு வழியில்லாமல் அவர் சுட்டது. சுடப்பட்டவனுக்கு ஒரு பட்டப்பெயரும் வழக்குகளின் எண்ணிக்கையும் மட்டுமே உண்டு, உள்மனசு கிடையாது. அந்தச் செய்தியைச் சந்தேகிக்கத் தெரிந்த நாம், நமக்குப் பிடித்தமான கதைகளை அப்படிச் சந்தேகிக்கிறோமா? நம் தரப்பு எழுதும் கதைகளிலும் மாடிப்படியில் இழுத்துச் செல்லப்படும் ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் நமக்கு ஞாபகமிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.