துணிக்கடைக்கு வந்த கார் எங்கே நிற்கும்? தி.நகர் சொல்லும் பார்க்கிங் பாடம்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தி.நகருக்குக் காரில் போனவர்களுக்கு இது தெரிந்த கதைதான். புடவை எடுக்க ஒரு மணி நேரம், வண்டியை நிறுத்த இடம் தேட முக்கால் மணி நேரம். உஸ்மான் சாலையை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, கடைசியில் உள்தெருவில் யாரோ ஒருவர் வீட்டு கேட்டை மறித்து நிறுத்திவிட்டுப் போவார்கள். அந்த வீட்டில் ஒரு பெரியவருக்கு நெஞ்சு வலி வந்தால்? ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நிற்க வேண்டியதுதான்.

இந்தத் தலைவலி சாலையில் ஆரம்பிப்பதில்லை. ஒரு வணிகக் கட்டடத்தின் வரைபடம் அனுமதிக்குப் போகிறதே, அந்த மேஜையில்தான் ஆரம்பிக்கிறது.

வரைபடத்தில் உண்டு, தரையில் இல்லை

கடையோ, ஹோட்டலோ, கல்யாண மண்டபமோ, எது கட்டினாலும் அதன் பரப்பளவுக்கும் பயன்பாட்டுக்கும் ஏற்ப வாகன நிறுத்தம் விட வேண்டும் என்பது சட்டம். தற்போது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 இதைச் சொல்கிறது. ஆனால், அனுமதி வாங்கும்போது பார்க்கிங் என்று காட்டிய அடித்தளம் பிறகு குடோனாக மாறுவதும், காலியாக விட வேண்டிய இடத்தில் கடை முளைப்பதும் நகரவாசிகளுக்குப் புதிதல்ல.

விதிமீறல்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த 1999-ல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரே ஒரு முறை தரப்படும் சலுகை என்ற அளவில் 2000-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. சலுகை மீண்டும் நீட்டிக்கப்பட்டபோது, 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2011 அக்டோபர் இறுதியில் ரங்கநாதன் தெரு பகுதியில் பல கடைகளுக்கு சி.எம்.டி.ஏ சீல் வைத்ததும், அடுத்த பொங்கலுக்குள் உச்ச நீதிமன்ற அனுமதியோடு அவை திறக்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும்.

தீயணைப்பு வண்டிக்கும் இடம் வேண்டும்

2017 மே 31. உஸ்மான் சாலையில் பல மாடி ஜவுளிக்கடை ஒன்றில் விடியற்காலையில் தீப்பிடித்தது. கட்டடத்தைச் சுற்றிப் போதிய இடம் இல்லாததால் தீயணைப்பு வீரர்கள் நெருங்க முடியாமல் திணறினார்கள். ஒரு நாளையும் தாண்டி எரிந்த கட்டடம், கடைசியில் இடிக்கப்பட்டது. கடை திறக்கும் முன்பே நடந்ததால் பெரிய உயிர்ச்சேதம் இல்லை. அதே தீ ஒரு பண்டிகை நாள் மாலையில் பிடித்திருந்தால்? காலி இடம் என்பது வண்டி நிறுத்த மட்டுமல்ல, உயிர் பிழைக்கவும்தான்.

பில் யாருக்கு?

2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அதையொட்டி தணிகாசலம் சாலையில் சுமார் 40 கோடி ரூபாயில் பல அடுக்கு வாகன நிறுத்தம் வந்தது. 222 கார்கள், 513 இரு சக்கர வாகனங்கள் நிற்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால், ஒரு தீபாவளி ஞாயிறுக்கு அது எம்மாத்திரம்? கட்டியது மக்கள் வரிப்பணத்தில். கடைக்காரர் தன் நிலத்தில் விட்டிருக்க வேண்டிய இடத்துக்கு, கடைப் பக்கமே போகாதவரும் சேர்ந்து பணம் கட்டுகிறார்.

பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டார்களா?

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஒரு கடை விதியைவிடக் குறைவாக பார்க்கிங் விட அனுமதி கேட்டால், பொது விசாரணை நடக்கும். அக்கம்பக்கத்தினர் மைக் முன்னால் வந்து, 'எங்கள் தெரு தாங்காது' என்று சொல்லலாம். கடைக்காரரும் தன் நியாயத்தைச் சொல்வார். அதன்பிறகே முடிவு.

இங்கே நில வகைப்பாட்டை மாற்றக் கேட்டால் நாளிதழில் அறிவிப்பு வரும், ஆட்சேபம் தெரிவிக்கலாம். வழக்கமான கட்டட அனுமதிக்கு அப்படி ஒரு கருத்துக் கேட்பு கிடையாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிவது, பொக்லைன் வந்து பள்ளம் தோண்டும்போதுதான்!

இருந்தாலும் இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. ஒன்று, 2022 முதல் நகரங்களில் நடைமுறைக்கு வந்த பகுதி சபை. கிராம சபை மாதிரியே, வார்டு மக்கள் கவுன்சிலர் முன்னிலையில் கேள்வி கேட்கும் கூட்டம் இது. 'புதுக் கடைக்கு எத்தனை வண்டிகளுக்கு இடம் காட்டியிருக்கிறார்கள்?' என்று அங்கே கேட்கலாம். இன்னொன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணத்தில் மனு போட்டால், அனுமதி பற்றிய விவரத்துக்கு 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.

கட்டடம் எழும்பிய பிறகு சீல் வைத்தால் நஷ்டம் கடைக்காரருக்கும், அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும்தான். அஸ்திவாரம் போடும் முன்பே கேட்டுவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. உங்கள் தெருவில் அடுத்த பள்ளம் தோண்டும்போது, முதலில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: வண்டி எங்கே நிற்கும்?